ஹோம்ஸ் சண்டையும் அலியின் சரிவும்

அன்புள்ள ஐயா,

1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னை வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டதை என் அப்பா நேரில் பார்த்தவர். கால் தரையில் படவே இல்லை என்பார். அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அலி அடிவாங்கிய சண்டையைப் போன வாரம் காணொளியில் பார்த்தேன். கடைசிவரை பார்க்க மனம் வரவில்லை. சில மாதங்களில் ஒரு மனிதர் இப்படி ஆகிவிட முடியுமா? தைராய்டு மாத்திரையால் வந்த வினை என்கிறார்களே, சரியா? பிற்பாடு வந்த நடுக்கத்துக்கும் இந்தச் சண்டைதான் காரணமா? என் அண்ணன் மகன் பாக்ஸிங் பழகுகிறான். அதனாலும் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் அப்பா பார்த்ததும் உண்மை, நீங்கள் பார்த்ததும் உண்மை. காட்சிச் சண்டையில் எதிரில் நின்ற எல்லிஸ், அலியின் ஊர்க்காரர், ஸ்பாரிங்கில் (பயிற்சிக்காக ரிங்கில் மோதிப் பழகுவதில்) பழைய கூட்டாளி. அங்கே யாரும் யாரையும் விலாவில் ஓங்கிக் குத்தப்போவதில்லை. அடி விழாத இடத்தில் கால் நன்றாகத்தான் ஆடும். கால் எப்போது நின்றுபோகிறது, குத்து வருவதைக் கண் பார்த்த பிறகு தலை விலக எவ்வளவு நேரமாகிறது என்பதெல்லாம் உண்மையான சண்டையில்தான் தெரியும்.

அலியின் சரிவு 1980-இல் தொடங்கியதல்ல. 1975 அக்டோபர் 1-ஆம் தேதி மணிலாவில் ஜோ ஃப்ரேசியருடன் 14 ரவுண்டு. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸுடன் 15 ரவுண்டு. ஷேவர்ஸ் அந்தக் காலத்தில் மிகக் கனமாகக் குத்தியவர்களில் ஒருவர். அந்தச் சண்டைக்குப் பிறகு அலி குழுவின் மருத்துவர் ஃபெர்டி பசேகோ, அலியின் சிறுநீரகம் பழுதுபட்டிருப்பதைக் காட்டிய பரிசோதனை முடிவைப் பார்த்து, இனி சண்டை வேண்டாம் என்றார். யாரும் கேட்கவில்லை. அவர் குழுவை விட்டே விலகிவிட்டார்.

பலரும் கணக்கில் எடுக்காதது பயிற்சிக் கூடத்தில் வாங்கிய அடி. அடி தாங்கும் உடம்பு வேண்டும் என்று ஸ்பாரிங் கூட்டாளிகளைத் தன்னைக் குத்தவிட்டுக் கயிற்றில் சாய்ந்து நிற்பது அலியின் வழக்கம். அப்படி அவருக்கு ஸ்பாரிங் கொடுத்தவர்களில் ஒருவர்தான் ஹோம்ஸ். அலியின் கை எங்கே தாழும், எப்போது சாய்வார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

1980 ஜூலையில், ஹோம்ஸ் சண்டைக்கு முன், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் அலியைப் பரிசோதித்தார்கள். ஒற்றைக் காலில் எதிர்பார்த்த அளவு சுறுசுறுப்பாகத் துள்ள முடியவில்லை. விரலால் மூக்கைத் தொடும் சோதனையில் சிறு பிசகு. பேச்சிலும் லேசான தடுமாற்றம். இவை அறிக்கையிலேயே இருந்தன. ஆனாலும் சண்டை நடக்கவிருந்த நெவாடா மாநிலத்தின் குத்துச்சண்டை ஆணையம் உரிமம் கொடுத்துவிட்டது. என்னைக் கேட்டால், மாத்திரையைவிடப் பெரிய தவறு இதுதான்.

மாத்திரைக்கு வருகிறேன். அலியின் எடை அப்போது 250 பவுண்டுக்கு மேல் போயிருந்தது. தைராய்டு சுரப்பு குறைவு என்று சொல்லி ஒரு மருத்துவர் தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒன்று என்றதை அலி மூன்றாகப் போட்டுக்கொண்டார் என்பது பிறகு வெளிவந்தது. தேவைக்கு மேல் இந்த ஹார்மோன் உள்ளே போனால் கொழுப்போடு தசையும் கரையும். ஓய்வில்கூட இதயம் வேகமாக அடிக்கும். உடம்புச் சூடு ஏறும், வியர்த்து நீர் வற்றும். எடை மேடையில் 217½ பவுண்டு, நரைக்குச் சாயம், ஒட்டிய வயிறு. பார்த்தவர்கள் பழைய அலி திரும்பிவிட்டார் என்றார்கள். உள்ளே வலு இல்லை. சண்டையோ லாஸ் வேகாஸில், திறந்தவெளி அரங்கில், பாலைவனச் சூட்டில். பத்து ரவுண்டையும் மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். பதினொன்றாம் ரவுண்டுக்கு மணி அடிக்கும் முன் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். 61 சண்டைகளில் அலி முடிக்காமல் நின்றது இது ஒன்றுதான்.

ஆக, அன்று இரவு அவர் அவ்வளவு வெறுமையாக நின்றதில் மாத்திரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்த விளக்கம் அவருக்கு நன்மை செய்யவில்லை. மோசமாகத் தோற்ற வீரனின் மனம் ஒரு காரணத்தைத் தேடும். ‘நான் முடிந்துவிட்டேன்’ என்பதைத் தவிர வேறு எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். ‘மாத்திரையால் தோற்றேன், மாத்திரை இல்லாமல் வந்தால் ஜெயிப்பேன்’ என்ற எண்ணம்தான் அலியை 1981 டிசம்பர் 11-ஆம் தேதி பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக் முன்னால் மறுபடியும் நிறுத்தியது. வயது 39, எடை 236 பவுண்டு. மாத்திரை இல்லை. பத்து ரவுண்டும் நின்றார், புள்ளிகளில் தோற்றார். வயதுதான் காரணம் என்று அப்போதுதான் அவரே ஒப்புக்கொண்டார்.

நடுக்கம் பற்றிய கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. 1984-இல் நியூயார்க்கில் பார்க்கின்சன் நோய்க்குறிகள் என்று மருத்துவர்கள் கண்டார்கள். குத்துகளின் விளைவு என்பது அன்றைய பொதுக் கருத்து. இள வயதிலேயே தொடங்கிய சாதாரணப் பார்க்கின்சன் நோய்தான் அது என்று, அவரைப் பல ஆண்டுகள் பார்த்த நரம்பியல் மருத்துவர்கள் 2022-இல் எழுதினார்கள். குத்துகள் அதை முடுக்கியிருக்கலாம். ஒரே ஒரு சண்டை அதைக் கொண்டுவந்தது என்பது மட்டும் நிச்சயமாகத் தவறு. அலியின் பழைய பேட்டிகளை அளந்து பார்த்த அரிசோனா ஆய்வாளர்கள், 26 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையே அவர் பேசும் வேகம் 26 விழுக்காடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். நோய்க்குப் பெயர் வைப்பதற்கு முன்பே குரல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இனி உங்கள் அண்ணன் மகன். தலையில் பலமாக அடிபட்ட நாளில் தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நாக்-அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் கூடாது. நினைவு தப்பியிருந்தால் மாதக்கணக்கில் நிறுத்த வேண்டும், மருத்துவர் பார்த்த பிறகுதான் ரிங். ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கையுறை போடட்டும். தலைக்கவசம் புருவம் கிழியாமல் காக்கும். மூளை குலுங்குவதைத் தடுக்காது. அது இருக்கிறது என்ற தைரியத்தில் கூடுதலாகக் குத்து வாங்கும் பையன்கள் நிறைய. எடைப் பிரிவுக்காகக் கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் கோச் என்றால் வேறு கோச் பாருங்கள்.

தோற்றுவிட்டு வரும் பையன் ஒரு வாரத்துக்குள் மறு ஆட்டம் கேட்பான், கொடுக்காதீர்கள். தூக்கம் கெடுகிறதா, சின்ன விஷயத்துக்குக் கோபம் வருகிறதா, கூட்டாளிகளைத் தவிர்க்கிறானா என்று வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க முடியும். இவை தோல்வியின் வருத்தமாகவும் இருக்கலாம், மூளை அடிபட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செலவில்லாத ஒன்றை இந்த வாரமே செய்யலாம். ஏதாவது பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். குதிகாலும் நுனிவிரலும் ஒட்ட நேர்கோட்டில் பத்து அடி நடக்கவிட்டு அதையும் படம் எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பக்கம், அதே நடை. வாசிக்க எடுக்கும் நேரம் கூடினாலோ, நாக்கு குழறினாலோ, நடை பிசகினாலோ, பதிவுகளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தேதியோடு.