ஆன்டிவைரஸ் இருந்தும் கணினியில் விளம்பரம் குவிகிறதே, இன்னொன்று வாங்க வேண்டுமா?

ஆன்டிவைரஸ் போட்டிருந்தும் திரையின் ஓரத்தில் விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, பிரவுசரின் முகப்புப் பக்கம் தானாக மாறிவிட்டது, காசு கொடுத்து இன்னொரு ஆன்டிவைரஸ் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். உங்கள் சிக்கல் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

என் அக்கா ஒருநாள் பதறிப்போய் கூப்பிட்டாள். "கம்ப்யூட்டர்ல மூணு வைரஸ் இருக்குன்னு வந்துக்கிட்டே இருக்குடா, பேங்க் பாஸ்வேர்டெல்லாம் போயிடுமா?" என்றாள். போய்ப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் சிவப்பு வட்டமும் ஆச்சரியக்குறியுமாக ஒரு பெட்டி. மூடினால் அரை நிமிடத்தில் அடுத்தது. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் குரோம் என்ற பெயரும், கேள்விப்பட்டிராத ஓர் இணையதள முகவரியும் இருந்தன. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ பட்டனை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது, அவளும் அழுத்தியிருக்கிறாள். அந்த பட்டன் உண்மையில் கொடுத்தது, அந்தத் தளம் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பலாம் என்ற அனுமதியை.

கணினிக்குள் கெட்ட ஃபைல் எதுவும் வராததால் ஆன்டிவைரஸ் எத்தனை முறை தேடினாலும் ஒன்றும் சிக்காது. குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாததையெல்லாம் நீக்குங்கள். அப்படியே, எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கவே கூடாது என்றும் அங்கேயே மாற்றிவிடலாம். அக்கா வீட்டில் 2 நிமிடத்தில் முடிந்தது. நீங்களும் முதலில் இதைப் பாருங்கள்.

முகப்புப் பக்கம் மாறியது வேறு கதை. அது நீங்கள் இறக்கிய ஏதோ ஓர் இலவச மென்பொருளோடு சேர்ந்து வந்திருக்கும். பிடிஎஃப் மாற்றும் கருவி ஒன்று வேண்டும் என்று தேடுகிறோம். தேடல் முடிவில் மேலே நிற்பது விளம்பரம். அதைத் திறந்தால் பச்சை நிறத்தில் நான்கு டவுன்லோட் பட்டன்கள், அதில் பெரியது நமக்கு வேண்டாத ஒன்று. எப்படியோ இறக்கி இன்ஸ்டால் செய்யும்போது 'எக்ஸ்பிரஸ்' என்பது தடித்த எழுத்திலும் 'கஸ்டம்' என்பது மங்கலாகவும் இருக்கும். கஸ்டத்தைத் தேர்ந்தெடுத்தால்தான், ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் டூல்பாரும் தேடுபொறியும் கண்ணில் படும். 'டிக்ளைன்' பட்டனை வேலை செய்யாதது போல சாம்பல் நிறத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் அது வேலை செய்யும்.

நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால் எழுத்துப்படி நாம் சம்மதித்ததாக ஆகிவிடுகிறது. அதனால்தான் பல பாதுகாப்பு மென்பொருள்கள் இவற்றை வைரஸ் என்று சொல்லாமல், 'வேண்டாததாக இருக்கக்கூடும்' என்று தனி வகையில் வைக்கின்றன. விண்டோஸில் இந்த வகையைத் தடுக்கத் தனி சுவிட்ச் உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்', அதில் 'ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' போனால், 'பொடென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' இருக்கும். அதை ஆன் செய்து, கீழே உள்ள இரண்டு டிக்கையும் போடுங்கள்.

ஏற்கெனவே வந்ததை எடுக்க, இன்ஸ்டால் செய்தவற்றின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்த, நீங்கள் கேட்காத பெயர்களை நீக்குங்கள். அப்புறம் பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவிகளான எக்ஸ்டென்ஷன்களையும் அப்படியே பாருங்கள். ஒன்றை நீக்க முடியாமல், 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி வீட்டுக் கணினியில் வந்தால் சந்தேகப்படுங்கள். எக்ஸ்டென்ஷனை யாரும் கழற்றாமல் இருக்க ஆட்வேர் (விளம்பரம் காட்டும் மென்பொருள்) போடும் பூட்டாக அது இருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவியை அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓட்டுங்கள். கடைசியாக, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும், 15 நிமிடம் போல ஆகும்.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மோதும், கணினியும் மெதுவாகும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. ஆனால் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. பெரும்பாலும் அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் மாட்டின. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, அதில் இருந்தால் 11க்கு மாறப் பாருங்கள்.

விளம்பரத்தை விட எனக்கு அதிகக் கவலை தருவது ஒன்று உண்டு, இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். சில பக்கங்கள் ரோபோ சோதனை என்ற பெயரில் மூன்று படி சொல்லும்: விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்துங்கள், கன்ட்ரோல் வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். பக்கத்தில் நீங்கள் கிளிக் செய்தபோதே ஒரு கட்டளையை ரகசியமாக காப்பி செய்து வைத்திருப்பார்கள். அதை உங்கள் கையாலேயே ஓட்ட வைக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே வருவது தகவல் திருடி. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு லாகின் குக்கிகளையும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் சிறு பதிவுகள்) எடுத்துப் போகும். குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே கணக்குக்குள் நுழைய முடியும். உண்மையான ரோபோ சோதனை எதுவும் பிரவுசரை விட்டு வெளியே வந்து எதையும் ஒட்டச் சொல்லாது. யாராவது ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் திட்டாதீர்கள், உடனே நெட்டைத் துண்டித்து, வேறு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடத்திலும் லாக் அவுட் கொடுங்கள்.

ஃபைல் பெயர்களின் வால் பகுதியை (.pdf, .exe போன்றவை) விண்டோஸ் மறைத்துத்தான் வைத்திருக்கும், அதைத் தெரிய வையுங்கள். 2000 மே மாதம் உலகமெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' புழு, டிஎக்ஸ்டி என்று முடியும் கடிதம் போலத் தெரிந்தது. உண்மையான முடிவான, ஓடும் நிரல் என்று காட்டும் விபிஎஸ் பலர் திரையில் மறைந்திருந்தது. இன்றும் பில் என்று வரும் பிடிஎஃப்பின் பின்னால் இஎக்ஸ்இ என்ற ஓடும் நிரல் ஒளிந்திருக்கலாம். அதே போல, ஒரு மென்பொருள் 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று கேட்டால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். கிராக் செய்த மென்பொருள்களோடு வரும் குறிப்பில் இந்த வரி அடிக்கடி இருக்கும். ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ், வீடியோவுக்கு விஎல்சி, இரண்டும் இலவசம், அவர்களின் சொந்தத் தளத்திலேயே கிடைக்கும்.

பிள்ளைகள் பயன்படுத்தும் கணினி என்றால் அவர்களுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள். பெரிய மாற்றம் செய்யும் இன்ஸ்டால் எதுவாக இருந்தாலும் உங்கள் பாஸ்வேர்டு கேட்கும், அப்போது நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கழற்றும் முன், நகலில் இருந்து இரண்டு மூன்று படங்களைத் திறந்து பாருங்கள்.