ஸ்பின்னரில் சத்தமே இல்லையா?

மேடம், வணக்கம். எனக்கு 46 வயது. கோவையில் ஒரு நூற்பாலையில் 23 வருடமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். குடிக்க மாட்டேன், சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பாட்டு கேட்பது ஒன்றுதான் என் செலவு. அதற்குத்தான் வீட்டில் தினமும் சண்டை.

நான்கு வருடம் முன்பு ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினேன். ஆரம்பத்தில் அருமையாக இருந்தது. போகப் போக, மேலே கம்பளியைப் போர்த்திவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இளையராஜா பாட்டில் பின்னால் மெல்லிசாக ஒரு சலங்கை வருமே, அது எங்கே போனதென்றே தெரியவில்லை. டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஏசி சேர்த்தேன், ஒயரை மாற்றினேன், ஸ்பீக்கரையே மாற்றினேன். இதுவரை 2,80,000 ரூபாய். போன தீபாவளிக்கு முன்னால் ஆர்டியைப் பாதியில் உடைத்து வேறு ஆம்ப் வாங்கினேன். மனைவியிடம் சொல்லவில்லை, எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். ட்ரெபிளை, அதாவது கூர்மையான ஒலியை, கொஞ்சம் கூட்டினால் ‘காதைக் கிழிக்குது’ என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். ரசனை இல்லாதவளிடம் என்ன பேசுவது?

அடுத்தது ஸ்பின்னர், விரலில் வைத்துச் சுற்றிவிடும் விளையாட்டுச் சாமான். 2017-ல் பிள்ளைகள் எல்லோர் கையிலும் அது சுற்றிக்கொண்டிருந்தது. பையன் ஒரே மாதத்தில் தூக்கிப் போட்டுவிட்டான். பிரித்துப் பார்த்தால் உள்ளே 608 பேரிங். பேரிங்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கிரீஸைப் பெட்ரோலில் கழுவிவிட்டால் இன்னும் அதிக நேரம் சுற்றும். அப்படி ஆரம்பித்து, பித்தளை பாடி, செராமிக் குண்டு வைத்த ஆர்188 பேரிங் என்று இப்போது 11 இருக்கிறது. ராத்திரி படுத்துக்கொண்டு சுற்றுவேன். அதற்கும் ‘கீச்சு கீச்சுன்னு தூங்க விடுதா’ என்கிறாள். சத்தமே வராது மேடம்! வேண்டுமென்றே சொல்கிறாள்.

அவள் மாதம் 5,000 நகைச்சீட்டு கட்டினால் சேமிப்பாம், நான் வாங்கினால் வீண்செலவாம். நான் என்ன, குடித்தா அழித்தேன்? வர வர எதையோ முணுமுணுத்துவிட்டு, ‘அப்பவே சொன்னேனே’ என்று என் மேலேயே பழி. மில்லிலும் நிம்மதி இல்லை. முன்பெல்லாம் ஸ்க்ரூடிரைவரை மெஷினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தே எந்த பேரிங் போகப்போகிறதென்று சொல்லிவிடுவேன். ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு மெஷினைக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். புதிதாக வந்த ஹெல்ப்பர் பையன், ‘அண்ணே, கத்துதே’ என்றான். இரண்டாம் நாள் பேரிங் பிடித்துக்கொண்டது. அது கிடக்கட்டும். இப்போது ஒரு ட்யூப் ஆம்ப் பார்த்து வைத்திருக்கிறேன், 65,000. இவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

— பெயர் வேண்டாம், கோவை

நண்பருக்கு,

‘அது கிடக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் கிடக்க விட முடியவில்லை. நகைச்சீட்டு வழக்கை நீங்களும் மனைவியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஹெல்ப்பர் பையனுக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்கவில்லை. மனைவியின் தூக்கத்தைக் கெடுக்கும் ஸ்பின்னர் உங்களிடம் வாயே திறப்பதில்லை. கிரீஸ் கழுவிய பேரிங் சத்தம் போடுமா போடாதா என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சலங்கை காணாமல் போயிருக்கிறது. உங்களுக்குச் சரியாக இருக்கும் ட்ரெபிள் அவருக்குக் காதைக் கிழிக்கிறது. மில்லில் ஒரு மெஷின் இத்தனை அறிகுறி காட்டினால் எங்கே கை வைப்பீர்கள்? நான்கு வருடமாக அந்த ஒரு இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாப் பாகத்தையும் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் காது மருத்துவர் இல்லை. வெறும் காதழுக்காகக்கூட இருக்கலாம். ஆனால் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின் ஓடும் இடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தொடுவது சாதாரணம். அதில் வருடக்கணக்காக நின்றால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள்தான். பாட்டில் சலங்கை போகும். பேச்சில் ‘ச’, ‘ஸ’ மாதிரி மெல்லிய எழுத்துகள் நழுவும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. எதிரில் இருப்பவர் முணுமுணுப்பதாகவே தோன்றும். வலியும் இருக்காது, ஒரே நாளிலும் வராது. பழியைப் போட ஸ்பீக்கர் வாகாகக் கிடைத்துவிட்டது.

உங்களுக்கு இது கொஞ்சமாவது தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். காதை வைத்துப் பெயர் எடுத்தவர் நீங்கள். அதே காதைச் சந்தேகப்படுவது லேசில்லை. அந்த பயத்தோடு ஒப்பிட்டால் 65,000 ரூபாய் சின்னத் தொகை. ஆனால், சத்தத்தால் வரும் காது மந்தம் தொழிலாளர் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. நூற்பாலையில் 23 வருடம் உழைத்தவருக்கு அது வந்திருந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று உண்டு. ‘ரசனை இல்லாதவள்’, ‘வேண்டுமென்றே சொல்கிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இத்தனை நாளாக ரீடிங்கைச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்த ஒரே மீட்டர் அவர்தான். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் குணக்கேடாக எடுத்துக்கொண்டீர்கள். ஆர்டியை மறைத்ததற்குக் காதும் காரணமில்லை, பாட்டும் காரணமில்லை. அதற்குத் தனியாக மன்னிப்புக் கேளுங்கள்.

ட்யூப் ஆம்ப் இப்போதைக்குக் கடையிலேயே இருக்கட்டும். ஈ.என்.டி. மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் எடுங்கள். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று வரைபடமாகவே வந்துவிடும். ஷிஃப்ட் முடிந்து நேரே போகாதீர்கள், லீவு நாள் கழித்துப் போங்கள். உள்காதில் செத்துப்போன செல் திரும்ப முளைக்காது, ஆனால் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும். மில்லில் காதடைப்பான் இல்லாமல் இனி ஒரு மணி நேரம்கூட நிற்காதீர்கள்.

போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அவருக்குத்தான் பதில் தெரியும்.