முடியாத ஆல்பத்தை மேடையேற்றலாமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் கொண்ட ராக் பேண்ட். ஊரைவிட்டு வேலைக்குப் போகிறவனின் ஒரு நாள் என்ற ஒரே கருவில் முழு ஆல்பமும் செய்கிறோம். எட்டு மாதமாக ஒத்திகை அறையிலேயே கிடக்கிறோம். எல்லாம் முடியும்வரை யாருக்கும் வாசித்துக் காட்டக் கூடாது என்பது என் கட்சி. கிட்டார் வாசிப்பவர் 'ரயில் பயணம்' என்ற நீளமான பகுதியில் கைவைக்க விடமாட்டேன் என்கிறார். பழைய மெட்டுகளைச் சேர்க்கலாமா என்பதிலும் தினமும் சண்டை. என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கட்சியில் நான் இல்லை. பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் வெளிவந்தது 1973 மார்ச்சில். அதை அவர்கள் மேடையேற்றியதோ 1972 ஜனவரி 20-ல், பிரைட்டன் நகரில். அப்போது ஒலிப்பதிவே தொடங்கவில்லை. அன்று 'மணி' (Money, பணம்) பாடலுக்கு வந்தபோது கருவிகள் தகராறு செய்ய, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் போர்ட்ஸ்மத்தில் மறுபடி எடுத்து, முழுவதும் வாசித்தார்கள்.

அப்படி வாசித்ததில்தான் ஒரு குறை தெரிந்தது. படைப்புக்கு முடிவே இல்லை. மேடையேறிய பிறகு, குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் எழுதிச் சேர்த்ததுதான் கடைசிப் பாடலான 'எக்லிப்ஸ்'. இன்று அது இல்லாமல் அந்த ஆல்பத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அறைக்குள்ளேயே இருந்திருந்தால் அந்தக் குறை கண்ணில் பட்டிருக்குமா?

உங்கள் ரயிலுக்கு வருகிறேன். அவர்களிடமும் பயணத்துக்கென்று கிட்டாரை முன்னிறுத்திய ஒரு பகுதி இருந்தது. மாதக்கணக்கில் மேடைகளில் வாசித்ததுதான். பிறகு சின்தி என்ற சிறிய சின்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி, கைக்கு வந்தது. எட்டு சுரங்களை அதில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி ஓடவிட்டதும், விமான நிலையத்தில் மூச்சிரைக்க ஓடுகிறவனின் பதற்றம் அப்படியே வந்துவிட்டது. பழைய பகுதியைத் தூக்கிவிட்டார்கள். அது மோசமான வாசிப்பு இல்லை. புதியது விஷயத்தைச் சொன்னது, அவ்வளவுதான். உங்கள் கிட்டார் நண்பரிடம் "நன்றாக இல்லை" என்று சொல்லாதீர்கள், மனம் நோகும். "இதைக் கேட்கும்போது ரயிலில் இருப்பவனுக்கு என்ன ஆகிறது?" என்று கேளுங்கள்.

பழைய மெட்டு தாராளமாக வரலாம். 'அஸ் அண்ட் தெம்' பாடலின் மெட்டு, ஒரு திரைப்படத்துக்காக அவர்கள் குழுவின் ரிச்சர்ட் ரைட் பியானோவில் போட்டு, இயக்குநர் வேண்டாமென்று ஒதுக்கியது. தனக்கான இடம் வரும்வரை சும்மா கிடந்தது.

எனக்கு இந்த ஆல்பம் அறிமுகமானது நண்பன் பதிவு செய்து தந்த கேசட்டில். திருப்பிப் போட்டதும் 'மணி' பாடலின் தொடக்கமாகச் சில்லறைச் சத்தம் கேட்கும். வாட்டர்ஸ் வீட்டில் அவர் மனைவி மண்பாண்டம் வனைய வைத்திருந்த பெரிய பாத்திரத்தில் காசுகளை வீசி எடுத்த ஒலி அது. காசு, கிழிகிற காகிதம், கல்லாப்பெட்டி என்று ஏழு ஒலிகள். டேப்பை ஸ்கேலால் அளந்து, சம நீளத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நம் மிஸ்ர சாப்பு மாதிரி ஏழு எண்ணிக்கை. ஆனால் டேவிட் கில்மரின் கிட்டார் தனி வரும்போது தாளம் நாலுக்கு மாறிவிடும். தாங்களே போட்ட கணக்கை, கிட்டார் தாராளமாகப் பேச வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுத்தார்கள். இந்த இடத்தை நீங்கள் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

கருவைப் பற்றியும் ஒன்று. அவர்கள் கதை எதுவும் சொல்லவில்லை. நேரம், பணம், சாவு, பயணம், மனப்பிறழ்வு என்று மனிதனை நெருக்குகிறவற்றை, டிரம்மர் நிக் மேசன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசினார்கள். வரிகள் முழுவதும் வாட்டர்ஸ் எழுதியவைதான், ஆனால் பேச்சு நால்வருடையது. உங்கள் குழுவில் பாட்டு எழுதுவது யாராக இருந்தாலும் சரி, அந்த ஒரு நாள் உங்கள் நாலு பேருக்கும் தெரிந்த நாளாக இருக்கட்டும்.

அப்புறம், வெளியாள் யாராவது வந்து பாடினால் ஊதியத்தையும் உரிமையையும் அன்றே எழுத்தில் வைத்துவிடுங்கள். இதே ஆல்பத்துக்காகப் பாடகி கிளேர் டோரி 30 பவுண்டுக்கு வந்து, ஒரு சொல்கூட இல்லாமல் குரலாலேயே சாவைப் பாடிவிட்டுப் போனார். இசையமைப்பில் அவருக்கும் பங்கு உண்டென்று ஒப்புக்கொள்ள 2005 வரை ஆயிற்று, அதுவும் வழக்குப் போட்ட பிறகு. அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்துகிறது.

இந்த மாதமே ஒரு சின்ன இடம் பாருங்கள். நாற்பது பேர் போதும். கரு என்னவென்று முன்னதாகச் சொல்லாமல், இருப்பதை இருக்கிறபடியே முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். எந்த இடத்தில் போனை எடுத்தார்கள் என்று கவனிக்க ஓர் ஆளைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். ரயில் பகுதியை அன்று வெட்டாதீர்கள், முழுதாகவே வாசிக்கட்டும். மறுநாள் நால்வரும் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.