நிலத்த விக்கிறதுக்கு முன்னாடி லேபைப் போய்ப் பாருங்க

போன வாரம் நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம் வந்தாங்க. பொண்ணுக்கு நீட் ரெண்டாவது தடவையும் கிடைக்கல, கோச்சிங்குக்கு வெச்ச நகை இன்னும் கூட்டுறவு பேங்க்ல இருக்கு, சித்தப்பா என்னடான்னா இருக்கற ஆறு மா நிலத்துல மூணு மாவ வித்தாவது தனியார் காலேஜ்ல பல் டாக்டருக்கு சேத்துடுங்கறார். அம்மா அழுதுட்டே இருந்தாங்க. நானும் மொதல்ல பாத்துக்கலாம் அக்கான்னுதான் சொன்னேன். அப்புறம் பொண்ணுகிட்ட என்ன புடிக்கும்னு கேட்டா, "பக்கத்து வயல் சம்பா தண்ணியில அழுகிடுச்சு சார், எங்க சி.ஆர். 1009 சப்-1 நெல்லு மட்டும் எப்டி எந்திரிச்சு நின்னுச்சு?"ங்குறா.

அதுக்கப்புறம் எனக்கு ஆறுதல் பேச்சே வரல. அண்ணே, நிலத்துல கை வைக்காதீங்க. இந்தப் பொண்ணு கேக்குற கேள்விக்கு பதில் பல் டாக்டர் படிப்புல இல்ல, பி.எஸ்சி. தாவரவியல், பயோடெக் லேப்ல இருக்கு.

சப்-1ங்கறது எஃப்.ஆர்.13ஏங்கற பழைய நெல்லுலேர்ந்து எடுத்த ஜீன். பயிர் முழுகினா தண்ணிக்கு மேல எட்டிப்பாக்க வளந்து சக்திய தீத்துக்காம அடங்கிக் கெடக்கும், ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும், வடிஞ்சதும் தழைக்கும். அந்த ஜீன் ஒரு நாத்துல இருக்கான்னு பாக்க வெள்ளம் வரணும்னு இல்ல. ஒரு துண்டு இலைய அரைச்சு டி.என்.ஏ. எடுத்து, அத நகல் எடுக்குற பி.சி.ஆர். மெஷின்ல வெச்சா 95 டிகிரி பக்கம் ரெண்டு இழையும் பிரியும், 55 பக்கம் இறங்கினதும் பிரைமர்ங்கற சின்ன டி.என்.ஏ. துண்டு ஒட்டும், 72ல நகல் ஓடும், இப்படியே 30 சுத்து வந்தா கணக்குப்படி ஒண்ணு நூறு கோடிக்கு மேல ஆயிடும், அத அகரோஸ் ஜெல்லுங்கற கூழ்ல மின்சாரம் விட்டு ஓட்டுனா அந்த ஜீனோட பட்டை கண்ணுல தெரியும். கேரி முல்லிஸ் 1983ல கண்டுபுடிச்சு 1993ல நோபல் வாங்குன வேலை இது. இன்னமும் நம்ம பிள்ளைங்க மேசையில வெச்ச மாதிரிய (ஸ்பாட்டர்) பாத்து ரெக்கார்ட் நோட்ல படம் வரையறதோட நின்னா எனக்கு வயிறு எரியுது.

அதனால காலேஜ்ல மெஷின் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, பீரோவுல பூட்டி வெச்சிருந்தாலும் இருக்குன்னுதான் சொல்வாங்க. ஒரு பேட்ச்ல எத்தன பேரு, துளித்துளியா அளந்து எடுக்குற மைக்ரோபிப்பெட் ஒவ்வொரு பிள்ளை கையிலயும் வருமா, பட்டை வரலன்னா திரும்ப செய்ய விடுவாங்களா, இதக் கேளுங்க. இளங்கலை லேபுக்குன்னே மத்திய பயோடெக்னாலஜி துறை ஸ்டார் காலேஜ் திட்டத்துல பணம் தருது, அது கிடைச்ச டிப்பார்ட்மெண்டான்னும் விசாரிங்க.

பி.எஸ்சி. முடிச்ச கையோட பெரிய சம்பளம்னு நான் சொல்ல மாட்டேன், எம்.எஸ்சி. கட்டாயம் வேணும். அதுக்கு ஜாம், கேட்-பிங்கற நுழைவுத் தேர்வுங்க எழுதலாம், கேட்-பில தேறி உள்ள போனா மாசாமாசம் உதவித்தொகையும் உண்டு. நெல்லு ஆராய்ச்சிக்குன்னு 1922லேர்ந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, உங்க ஊர்லேர்ந்து தூரமில்ல. அரசு கலைக் கல்லூரில சேந்தா செலவு உங்க கைக்குள்ள நிக்கும், ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்கறதால புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும்.

சித்தப்பாகிட்ட நான் பேசுறேன். நீங்க திங்கக்கிழமை அவளக் கூட்டிட்டுப் போய், ரெண்டாவது வருஷப் பிள்ளைங்ககிட்ட அவளையே தனியா பேச விடுங்க. கடைசியா ஓட்டுன ஜெல்லுல என்ன வந்துச்சுன்னு அவ கேக்கட்டும்.