மறைந்திருப்பது எப்படி அடையாளம் ஆகும்?

கேள்வி: அடையாளம் என்றால் நாலு பேர் கண்ணில் படவேண்டும். ஆபிரகாமிடம் கடவுள் கேட்ட விருத்தசேதனமோ (ஆண்குறியின் நுனித்தோலை நீக்குவது) உடைக்குள் மறைந்திருப்பது. அது எப்படி உடன்படிக்கையின் அடையாளம்? சுகாதாரத்துக்காக வந்த பழக்கம் என்கிறார்களே, அதுதான் சரியா?

பதில்: சுகாதாரத்தை முதலில் பார்த்துவிடுவோம். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 17-ஆம் அதிகாரத்தை முழுக்கப் படியுங்கள், நோய் என்றோ சுத்தம் என்றோ ஒரு வார்த்தைகூட அதில் கிடையாது. பேச்செல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். ஆபிரகாமுக்கு 99 வயது, பிள்ளை பெறாத சாராளுக்கு 90, அந்த நிலையில் 'உன்னிடமிருந்து ஜாதிகள் தோன்றும்' என்று வாக்கு வருகிறது, அதோடு சேர்ந்தே இந்தக் கட்டளையும் வருகிறது. சந்ததி எதன் வழியாக உண்டாக வேண்டுமோ அந்த உறுப்பிலேயே அடையாளம் வைக்கப்படுகிறது. பிள்ளை வரம் தன் உடம்பின் வலிமையால் வந்ததல்ல, வாக்குக் கொடுத்தவரால் வந்தது என்பதை அந்த வீட்டு ஆண் தன் உடம்பிலேயே சுமக்கிறான். ஊரார் பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

ஊராரிலும் பலர் இதைச் செய்துகொண்டவர்கள்தான். எகிப்தில் சக்காராவில் அங்க்மகோர் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், இஸ்ரவேல் என்று ஒரு ஜனம் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே, இந்தச் சடங்கைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: நிற்கும் பையனின் கைகளை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முன்னால் குனிந்து வேலையைச் செய்கிறார். அங்கே செய்துகொள்பவன் வளர்ந்த பையன். இஸ்ரவேலிலோ பிறந்த எட்டாம் நாள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வித்தியாசம்தான். எட்டு நாள் சிசு எதையும் சாதிக்கவில்லை, எதையும் நம்பக்கூடத் தொடங்கவில்லை, ஆனாலும் உடன்படிக்கைக்குள் வந்துவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய அடிமைக்கும் அதே அடையாளத்தைத்தான் அந்த அதிகாரம் விதிக்கிறது. கூடத் தங்கியிருக்கும் அந்நியன், எகிப்திலிருந்து மீண்டதை நினைவுகூரும் பஸ்கா விருந்தை உண்ண விரும்பினால் அவனும் அவன் வீட்டு ஆண்களும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும், அப்புறம் அவனைச் சொந்த தேசத்தானாகவே எண்ண வேண்டும் என்கிறது யாத்திராகமம் 12.

கேள்வி: அப்படியென்றால் பெண்களுக்கு இந்த உடன்படிக்கையில் இடமே இல்லையா?

பதில்: அடையாளம் ஆண்களுக்கு மட்டும்தான், அந்தச் சமூகம் வம்சத்தைத் தகப்பன் வழியாக எண்ணியது, அதை மழுப்ப வேண்டாம். ஆனால் அதே 17-ஆம் அதிகாரத்தில் சாராய்க்கும் சாராள் என்று புதுப்பெயர் கொடுக்கப்படுகிறது. 13 வயதில் விருத்தசேதனம் பெற்ற இஸ்மவேலுக்கு ஆசீர்வாதம் உண்டு, ஆனாலும் உடன்படிக்கை சாராள் பெறப்போகும் ஈசாக்கின் வழியாகத்தான் தொடரும் என்று கடவுள் சொல்கிறார். ஆக, தாய் யார் என்பதும் அங்கே தீர்மானிக்கிறது. யாத்திராகமம் 4-இல் ஆபத்து நேரத்தில் கூரிய கல்லை எடுத்து மகனுக்கு விருத்தசேதனம் செய்தவள் மோசேயின் மனைவி சிப்போராள். பிற்பாடு, கி.மு. 167 வாக்கில் யூதர்களை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோகஸ் இதைத் தடை செய்தபோது, பிள்ளைகளுக்கு இதைச் செய்வித்த தாய்மார்களைக் கொன்றார்கள், குழந்தைகளை அவர்கள் கழுத்திலேயே தொங்கவிட்டார்கள் என்கிறது அந்தக் கால யூத வரலாற்றைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூல். படிக்கவே முடியாத பகுதி அது.

கேள்வி: 'இருதயத்தை விருத்தசேதனம் செய்யுங்கள்' என்று மோசேயும் தீர்க்கதரிசி எரேமியாவும் சொன்னது சடங்கை ஒழிக்கவா?

பதில்: இல்லை. உடம்பில் உள்ள அடையாளம் உள்ளத்திலும் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். சடங்கு இருக்கிறது என்ற தைரியத்தில் அநியாயம் செய்தவர்களைத்தான் எரேமியா பிடித்து உலுக்குகிறார். 9-ஆம் அதிகாரத்தில் எகிப்து, யூதா, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அயல் ஜனங்களோடு ஒரே வரிசையில் தன் சொந்த ஜனமான யூதாவையும் நிறுத்துகிறார், கேட்டவர்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். உபாகமம் 10 இருதயத்து விருத்தசேதனத்தை மக்களிடமே கேட்கிறது. 30-ஆம் அதிகாரத்துக்கு வரும்போதோ, கர்த்தரே அதைச் செய்வார், அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் செய்வார் என்கிறது.