தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: கொல்லிமலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்கிறார். இப்போது சூடு ஏறவில்லை. அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டியது ஏறக்குறைய 90. அந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் வந்து, அங்கேயே நிற்கத்தான் தெர்மோஸ்டாட். உள்ளே ஒரு சின்னக் குப்பியில் மெழுகு இருக்கும். கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், 82 டிகிரியை (சில எஞ்சின்களில் 88) தொட்டதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதுவரை கூலண்ட், அதை ஆறவைக்கும் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

உங்கள் வண்டியில் அது திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் அதை எடுத்ததும் சூடு குறைந்தது சரிதான். ஆனால் இனி எஞ்சின் சூடாக நெடுநேரம் பிடிக்கும். ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), 'இன்னும் குளிராகத்தான் இருக்கிறது' என்று பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கும்போது அது பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழி) அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சமவெளியில் தெரியாது. அடுத்த முறை 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறும்போது முள் மறுபடி சிவப்புக்குப் போகலாம்.

கேள்வி: சிக்னலில் நின்றால் சூடாகிறது, பைபாஸ் ரோட்டில் ஓடினால் சரியாகிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டா?

பெரும்பாலும் இல்லை. முதலில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்த்தால் பிடித்துவிடலாம். வேகமாக ஓடும்போது காற்றே ஃபேன் வேலையைச் செய்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: தெர்மோஸ்டாட் போய்விட்டதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். நான் ஒரு பழைய பாத்திரத்தை இதற்கென்றே வைத்திருக்கிறேன் (சமையலறையில் இருந்து எடுத்ததற்கு வாங்கிய திட்டு தனி). கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள், அடியைத் தொடக் கூடாது. அடுப்பைப் பற்றவையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் முன்பே வால்வு மெல்ல வாய் திறக்க வேண்டும். கொதித்த பிறகும் மூடியே இருந்தால் குப்பையில் போடுங்கள். ஆறிய பிறகு முழுதாக மூடாவிட்டாலும் அதே கதிதான்.

திரும்ப மாட்டும்போது, தகட்டில் ஆடும் குட்டி ஊசி ஒன்று இருந்தால் அதை மேல்பக்கமாக வையுங்கள். காற்று வெளியேறும் வழி அது.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறோம். அரை மணி நேரம் ஓட்டினாலும் முள் பாதிக்கு வருவதில்லை, ஹீட்டரிலும் சூடு இல்லை.

கூலண்ட் அளவு சரியாக இருந்தால், வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 88 டிகிரிக்குப் பதில் 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் எஞ்சின் ஓவர்ஹீட் ஆகாதல்லவா?

அப்போதும் ஆகலாம். கொஞ்சம் முன்னதாகத் திறக்கும், அவ்வளவே. முழுதாகத் திறந்த பிறகு சூட்டைத் தணிப்பது ரேடியேட்டரும் ஃபேனும் வாட்டர் பம்ப்பும்தான். கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள்.

கேள்வி: நடுவழியில் முள் சிவப்பைத் தொட்டால்?

ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓரங்கட்டுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சினை அணைத்து பானெட்டைத் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரிக்கு மேல் இருந்தாலும் கொதிக்காமல் காத்திருக்கும், மூடி கழன்ற நொடியே முகத்தில் பீய்ச்சும். ரேடியேட்டரின் மேல்பக்க ஹோஸ் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறட்டும், அப்புறம் துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கலாம்.