தம்பி எந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்று பாருங்கள்

அன்புள்ள அக்கா,

போன வாரம் சுங்கை சிப்புட் சந்தையில் என்னைப் பார்த்ததும் காய்கறிப் பையைக் கீழேகூட வைக்காமல் உங்கள் மகன், நம் தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். நின்ற இடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். இதைத் தம்பியும் அவன் அப்பாவும் படிக்கலாம். மறைக்க எதுவும் இல்லை.

தம்பி ஐந்தாம் படிவத்தின் கடைசித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்துவிட்டான். முடிவு வரச் சில மாதங்கள் ஆகும். சபையிலிருந்து கம்போடியக் கிராமங்களில் இலவச மருத்துவ முகாம் நடத்தப் போகும் குழுவோடு இரண்டு வாரம் போக வேண்டும் என்கிறான். அதோடு நின்றிருந்தால் நீங்கள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டீர்கள். படிப்பை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு அங்கேயே தங்கி ஊழியம் செய்யப் போகிறேன், ஊசி போட, தையல் போடக்கூட அங்கே கற்றுத் தருவார்கள், அதுவே ஒரு படிப்புதான் என்கிறானாம். அவன் அப்பாவுக்கோ பிள்ளை பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும். தடுத்தால் ஆண்டவர் காரியத்துக்குக் குறுக்கே நின்ற பாவம் வருமோ, விட்டால் பிள்ளை வாழ்க்கை வீணாகுமோ என்று உங்களுக்கு இரண்டு பக்கமும் பயம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்குத் தாராளமாக அனுப்புங்கள். ஒரு வருடம் இப்போது வேண்டாம். அங்கே போனாலும் ஊசியை அவன் கையால் தொடவே கூடாது.

ஊசி விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். கம்போடியாவில் பாட்டம்பாங் மாநிலத்தில் ரோக்கா என்று ஒரு கிராமம். 2014-ஆம் ஆண்டு கடைசியில் அங்கே திடீரென்று ஆட்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. குழந்தைகள், வயதானவர்கள், ஒரே குடும்பத்தில் பலர். எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்துவந்த ஒருவர் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2015-இல் நீதிமன்றம் அவருக்கு 25 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. அந்த மனிதர் ஊருக்குக் கெடுதல் நினைத்தவர் என்று கிராமத்தில் பலர் நம்பவில்லை. ஏழைகளுக்கு இரக்கப்பட்டு வைத்தியம் பார்க்கிறார் என்று அவரை நேசித்தார்கள். 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அந்த நாட்டு மருத்துவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது ஓடிப்போனார்கள். படித்த மருத்துவர் இல்லாத ஊரில் ஊசி எடுத்தவரை மக்கள் நம்பத்தானே செய்வார்கள்?

தம்பியிடம் இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். உட்காரவைத்து மெதுவாகச் சொல்லுங்கள். நம் மலேசிய அரசாங்க கிளினிக்கில் 18 வயதுப் பையன் ஒருவன் உங்கள் கையில் ஊசி குத்த வந்தால் விடுவீர்களா என்று கேளுங்கள். இங்கே செய்யக்கூடாததை அங்கே ஏழை ஒருவரின் உடம்பில் செய்து பழகுவது ஊழியம் ஆகாது. நல்ல குழுக்கள் இதை அனுமதிப்பதே இல்லை. கற்றுத் தருகிறோம் என்று ஆசைகாட்டும் குழுவாக இருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சரி, ஊசி இல்லையென்றால் அவனுக்கு அங்கே என்ன வேலை? நிறைய இருக்கிறது. முகாம் என்பது பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்திலோ சபைக் கொட்டகையிலோ வரிசையாகப் போட்ட சில மேசைகள்தான். முதல் மேசையில் பெயர், வயது, ஊர் எழுதுவார்கள். அடுத்ததில் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை. அப்புறம் மருத்துவர், பல் மருத்துவர், சில முகாம்களில் கண்ணாடி. கடைசியில் மருந்து மேசை. விடியற்காலையிலேயே நடந்தும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தைச் சண்டையில்லாமல் நகர்த்துவது, நிற்க முடியாத பாட்டியைக் கண்டுபிடித்து முன்னால் கூட்டிப்போவது, சீட்டு மாறிப் போகாமல் பார்ப்பது, மொழிபெயர்ப்பாளரோடு ஒட்டிக்கொண்டு நடப்பது, தண்ணீர் தூக்குவது, ஜெனரேட்டர் நின்றால் ஓடுவது. இத்தனையும் பதினெட்டு வயதுக்கு ஏற்ற வேலைகள். இவை நடக்காவிட்டால் மருத்துவர் பாதிப் பேரைக்கூடப் பார்க்க முடியாது.

அக்கா, எனக்கு இந்தப் பயணத்தில் ஆர்வம் வருவது இங்கேதான். இரண்டு வாரத்தில் அவன் எந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறான் என்று கவனிக்கச் சொல்லிக் குழுத் தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு விண்ணப்பப் பாரம் பூர்த்திசெய்து கொடுக்கிறேன். அறிவியல் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து எந்தப் பிள்ளை தாதியாக நிலைக்கும் என்று சொல்ல முடியவில்லை. புண்ணைப் பார்த்து முகம் சுளிக்காமல் நிற்பவன் யார், நோயாளியைவிட இயந்திரத்தைப் பார்த்துக் கண் விரிகிறவன் யார் என்பது ஒரு முகாமில் தெரிந்துவிடும்.

நானும் இப்படிப் போனவன்தான். பத்தொன்பது வயதில், வேறொரு நாட்டு மலைக் கிராமத்துக்கு. என்னை மருந்து மேசையில் உட்காரவைத்தார்கள். ஒரு பாட்டிக்கு இரத்த அழுத்த மாத்திரை முப்பது எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். "அடுத்த மாதம் யார் தருவார்கள்" என்று கேட்கிறாராம். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் வேனில் ஏறித் திரும்பிவிட்டோம். இரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்தில் முடிகிற மருந்தா? நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி நம் அரசாங்க கிளினிக்கில் வாங்கி வருகிறீர்களே, தீரத் தீரக் கிடைக்கிறதே, அந்தப் பாட்டிக்கு அது இல்லை. அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் போதகரிடம் போய்ச் சில விஷயங்களை நேராகக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். அந்த ஊர் சுகாதார நிலையத்தோடு சேர்ந்து நடத்துகிறார்களா? மருத்துவர்களுக்கு அந்த நாட்டு அரசின் அனுமதி இருக்கிறதா? குழு திரும்பியபின் நோயாளியை யார் பார்ப்பார்கள்? மருந்துகள் காலாவதியை நெருங்கியவையா? நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது அதில் குறைந்தது ஒரு வருட ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஜெபத்துக்கு வந்தால்தான் மருந்து என்று யாராவது சொல்வார்களா என்றும் கேளுங்கள். உதவியைக் காட்டி மதம் மாற்றுவதைக் கம்போடிய அரசு அனுமதிப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், பைபிள் கதையில் வரும் நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் எதுவும் கேட்கவில்லையே. ஒழுங்கான குழு இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. பயணக் காப்புறுதி, தடுப்பூசி, 18 நிறையாவிட்டால் பெற்றோர் கடிதம் இவற்றை அவர்களே சொல்வார்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டிருக்கிறதா என்று அவனுடைய பழைய புத்தகத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். பயணச் செலவுக்கு வட்டிக்கு வாங்காதீர்கள். அவன் பகுதிநேர வேலை செய்து பாதி சேர்க்கட்டும்.

இப்போது அந்த ஒரு வருடம். அவன் மனதைப் புண்படுத்தாமல் அவனுக்கு ஐடா ஸ்கடர் கதையைச் சொல்லுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிமாரைப் பார்க்க வரும்படி அந்த இளம்பெண்ணைக் கூப்பிட்டார்கள். அப்பா மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். இவருக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைப் பார்த்தபின் அவர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கக் கிளம்பவில்லை. அமெரிக்கா போனார், மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் வாங்கினார், 1900-இல் வேலூரில் சின்னதாகத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) அப்படி வளர்ந்ததுதான். படித்த அந்த வருடங்களும் அவருடைய ஊழியத்தைச் சேர்ந்தவைதாம்.

தம்பிக்கு முன்னால் இருக்கும் வழிகளைச் சொல்கிறேன். நோயாளியோடு இருப்பது பிடித்தால் தாதிமைப் படிப்பு, டிப்ளோமா மூன்று வருடம். பையன்களும் சேர்கிறார்கள். முடித்துத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்றால்தான் வேலை. இன்னொன்று மருத்துவ உதவி அதிகாரி. அக்கா, உங்கள் அப்பா காலத்துத் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸரை நினைத்துப் பாருங்கள். ரப்பர் பால் வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டவருக்கும், நடுராத்திரியில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கும் லயத்தில் அவர்தானே முதல் ஆள்? அந்த வேலையின் இன்றைய வடிவம்தான் இது. இதற்கும் மூன்று வருட டிப்ளோமா, 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகம் நமக்குப் பக்கத்திலேயே உலு கிந்தாவில் இருக்கிறது. மருத்துவர் இல்லாத கிராமத்தில் இப்படிப்பட்ட ஒருவரின் அருமை எவ்வளவு என்று அவன் கம்போடியாவில் கண்ணால் பார்ப்பான்.

மருந்து மேசை பிடித்தால் மருந்தியல். மருத்துவராக வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அடிப்படைக் கல்வி முடித்து ஐந்து வருடப் படிப்பு, அப்புறம் இரண்டு வருடம் மருத்துவமனையில் ஹவுஸ்மேன் பயிற்சி. மதிப்பெண் வந்தபின் அதைப் பேசலாம்.

அவன் அப்பாவுக்கு ஒரு நல்ல செய்தி. இரத்த அழுத்தக் கருவி ஏன் தவறாகக் காட்டுகிறது என்று பிரித்துப் பார்க்கிற பையன் என்றால் எலக்ட்ரானிக்ஸும் ஊழியமும் ஒரே வழியில் போகும். ஷா ஆலமில் உள்ள சுல்தான் சலாஹுதீன் அப்துல் அஸிஸ் ஷா பாலிடெக்னிக்கில் மருத்துவக் கருவிகளுக்கான எலக்ட்ரானிக் பொறியியல் டிப்ளோமா இருக்கிறது. 1978-இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்துவ அமைப்பு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மருத்துவமனைக் கப்பல்களை நிறுத்தி இலவச அறுவை சிகிச்சை செய்கிறது. அங்கே மருத்துவர்களோடு பொறியியலாளர், கருவி பழுதுபார்ப்பவர், சமையல்காரர், ஆசிரியர் எல்லாரும் தங்கள் செலவைத் தாங்களே ஏற்று வேலை செய்கிறார்கள். கையில் தொழில் இருப்பவரைத்தான் அவர்களும் தேடுகிறார்கள். அவன் ஒரு வருடம் போக ஆசைப்பட்டால் டிப்ளோமாவும் இரண்டு வருட வேலை அனுபவமும் பெற்றபின் போகட்டும். அப்போது நானே வந்து வழியனுப்புவேன்.

இடையில் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். அரசாங்க உயர்கல்விக் கூடங்களுக்கான யுபியு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசி போன்ற விண்ணப்பங்கள் எஸ்பிஎம் முடிவு வருவதற்கு முன்பே திறந்துவிடுவதுண்டு. இணையம் இல்லாத கிராமத்தில் அவன் இருக்கும்போது கடைசி நாள் போய்விட்டால் அந்த வருத்தத்தில் ஊழியத்தின் மேலேயே உங்களுக்குக் கசப்பு வந்துவிடும். பயணத் தேதியை எனக்குச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன்னால் பாரங்களை முடித்துவிடுவோம்.

போவதற்குள் கொஞ்சம் கெமர் மொழியும் கற்கட்டும். வணக்கம், உட்காருங்கள், எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் தமிழ் படித்தார். மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், அதற்காக நூல்களையும் தமிழாக்கினார். நம்மிடம் வந்தவர்கள் அவ்வளவு செய்திருக்கும்போது நாம் போகிற இடத்தில் பத்து வார்த்தையாவது பேச வேண்டாமா?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் வாருங்கள். சோதனைத் தேர்வு மதிப்பெண் தாள், தடுப்பூசிப் புத்தகம், குழு கொடுத்த கடிதம் மூன்றும் வேண்டும். தம்பியிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்லுங்கள். அவன் கேட்பதை முழுவதும் கேட்டபிறகுதான் நான் வாயைத் திறப்பேன்.